அலைகளுக்கு நடுவே படகைத் தேடும் ரேடார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கப்பல் ரேடார் பற்றிய தங்கள் கட்டுரையில், சிறு படகுகள் தெரிவதற்கு அலைபரப்பும் திறனைக் கூட்டினாலே போதும் என்று எழுதப்பட்டிருந்தது சரியன்று. கண்டறியும் தூரத்தை இருமடங்காக்க 16 மடங்கு திறன் வேண்டும். அப்போதும் கொந்தளிக்கும் கடலின் எதிரொலியும் உடன் பெருகுமாதலால், திரையில் மொய்க்கும் புள்ளிகளுக்குள் ஃபைபர் படகு மறைந்தே கிடக்கும். கைகொடுப்பது சமிக்ஞைச் செயலாக்கம்தான், அதாவது திரும்பி வரும் எதிரொலிகளைக் கணக்கிட்டுப் பிரித்தறிவதுதான். ஒவ்வொரு புள்ளியின் வலிமையையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியோடு ஒப்பிட்டு, அதைக் குறிப்பிட்ட மடங்கு விஞ்சினால் மட்டுமே இலக்காக ஏற்கும் முறையில், பொய் எச்சரிக்கைகளின் விகிதம் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். (மழை தொடங்கும் விளிம்பில் இதுவும் தடுமாறும் என்பது வேறு விஷயம்.) ஆன்டெனாவின் அடுத்தடுத்த சுழற்சிகளில் கிடைப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இடம் மாறித் தோன்றும் அலை மங்கி, ஏறக்குறைய அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தெரியும் படகு துலங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி