கயிற்று முறுக்கும் கைரேஸும்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கால்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே மூன்று நாளாகச் சாயங்கால மழை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தோட்டத்துச் சாலையைச் சேறாக்கிவிட்டன. மற்றபடி எல்லாரும் சுகம்.

உன் ஆறாம் படிவப் பிள்ளைகள் டி.என்.ஏ. இரட்டிப்பில், அதாவது அது நகலெடுக்கப்படுவதில், வேலை செய்யும் நொதிகளின் பெயரை வரிசையாக ஒப்பிக்கிறார்கள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் விழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பெயரை விட்டுவிடு. ஒவ்வொரு நொதியையும் எடுத்துவிட்டால் வேலை எந்த இடத்தில் நிற்கும் என்று கேள். வரிசை தானாக மனத்தில் உட்காரும்.

முதலில் ஒரு கணக்குப் போடச் சொல். குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலையின் வட்ட டி.என்.ஏ.வில் சுமார் 4.6 மில்லியன் கார இணைகள், அதாவது இரு புரிகளையும் இணைக்கும் படிகள். ஓரி-சி என்ற ஒரே இடத்தில் தொடங்கி, இரண்டு கவைகள் (புரிகள் பிரிந்து நகலாகும் இடங்கள்) எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கவைக்கு 2.3 மில்லியன். புதுப் புரியைக் கட்டும் ‘பாலிமரேஸ் மூன்று’ என்ற நொதி, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1000 கட்டுகளை (புரியின் அலகுகளை) சேர்க்கும். ஆக 2300 நொடி, 38 நிமிடம். பாடநூலில் இருக்கும் 40 நிமிடம் எப்படி வந்தது என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்து, ஹெலிகேஸையும் கைரேஸையும் குழப்புவது. இதற்குப் படம் போதாது, கயிறு வேண்டும். இரண்டு புரியாகத் திரித்த தேங்காய்நார்க் கயிறு ஒரு மீட்டர் எடு. ஒரு நுனியைச் சன்னல் கம்பியில் சுழலாதபடி இறுகக் கட்டு. மறு நுனியில் இரண்டு புரிகளையும் பிரித்து இரு பக்கமும் இழு. முதல் ஒரு சாண் சுலபமாகப் பிரியும். பிறகு முன்னால் உள்ள பகுதியில் முறுக்கு ஏறி, கயிறு கெட்டியாகி, கடைசியில் முடிச்சு முடிச்சாகச் சுருளும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் நகராது. பிரிப்பது ஹெலிகேஸ், அது ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் விலக்குகிறது, எதையும் வெட்டுவதில்லை. முன்னால் ஏறும் முறுக்கை இறக்குவது கைரேஸ். அது இரண்டு புரிகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியே டி.என்.ஏ.வின் இன்னொரு பகுதியைக் கடத்தி, மறுபடி ஒட்டுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. செலவாகும்; ஒரு தடவைக்கு இரண்டு முறுக்கு குறையும். பத்தரை இணைக்கு ஒரு சுற்று என்றால், நொடிக்கு 1000 இணை பிரியும்போது ஏறக்குறைய 95 சுற்று முறுக்கு ஏறுகிறது! வட்ட டி.என்.ஏ.வுக்குச் சுழன்று தளர நுனியும் கிடையாது. பாக்டீரியாவைக் கொல்லும் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை கை வைப்பது இங்கேதான்: வெட்டிய நிலையிலேயே கைரேஸைப் பிடித்து வைத்துவிடுகிறது. ஒட்டவேண்டிய முனைகள் ஒட்டாமல் கிடக்க, பாக்டீரியா சாகிறது.

வெப்பத்தைத் தாங்காத ஈ.கோலைத் திரிபுகளையும் சொல்லிக்கொடு; ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு புரதத்தின் மரபணு மாறியிருக்கும். 30 டிகிரியில் நன்றாக வளரும். 42 டிகிரிக்கு ஏற்றினால் அந்த ஒரு புரதம் மட்டும் கெடும். ஹெலிகேஸோ, புதுப் புரி தொடங்கச் சிறு ஆர்.என்.ஏ. துண்டை வைக்கும் பிரைமேஸோ கெட்டால் இரட்டிப்பு அந்தக் கணமே நிற்கும். ஓரி-சி-யைத் திறந்துவிடும் டி.என்.ஏ.ஏ. புரதம் கெட்டால் உடனே நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் கவைகள் தம் சுற்றை முடிக்கும். புதுச் சுற்று மட்டும் தொடங்காது. எது தொடக்கத்துக்கு, எது ஓட்டத்துக்கு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

புரியைக் கட்டுவது ‘பாலிமரேஸ் ஒன்றா’, ‘பாலிமரேஸ் மூன்றா’ என்ற குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. ஆர்தர் கோர்ன்பெர்க் பாலிமரேஸ் ஒன்றைக் கண்டறிந்து 1959-இல் நோபல் பரிசு பெற்றார். அதுவே பெரிய வேலைக்காரன் என்று பலரும் நம்பினார்கள். 1969-இல் டி லூசியாவும் கெய்ர்ன்ஸும் அந்த நொதியின் செயல்பாடு ஏறக்குறைய இல்லாத ஈ.கோலையைக் காட்டினார்கள். அது பெருகியது, ஆனால் புறஊதாக் கதிரில் எளிதில் செத்தது. நீளமாக ஓடுவது பாலிமரேஸ் மூன்று. பிரைமேஸ் வைத்த ஆர்.என்.ஏ. துண்டுகளை அகற்றி அந்த இடத்தை டி.என்.ஏ.வால் நிரப்புவதும், பழுது பார்ப்பதும் பாலிமரேஸ் ஒன்று.

லிகேஸ் இடைவெளியை நிரப்பும் என்று எழுதினால் மதிப்பெண் கொடுக்காதே. நிரப்புவது பாலிமரேஸ் ஒன்று. கடைசியில் மிஞ்சும் ஒற்றைக் கீறலைத்தான் லிகேஸ் ஒட்டும். ஈ.கோலையில் அதற்கு என்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறு வேண்டும், நம் செல்களின் லிகேஸுக்கு ஏ.டி.பி. ஈ.கோலையில் லிகேஸ் கெட்டால், ஒரு புரி துண்டு துண்டாக உருவாகும்போது வரும் 1000 முதல் 2000 கட்டு நீளமுள்ள ஒகசாகித் துண்டுகள் ஒட்டாமல் குவியும்.

கடைசியாக ஒன்று கேட்டுப் பார். இரட்டிப்புக்கே 40 நிமிடம் ஆகிறது. நல்ல உணவில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரிகிறதே, எப்படி? உடனே விடை சொல்லிவிடாதே, ஒரு நாள் யோசிக்க விடு. முந்தைய சுற்று முடியுமுன்பே, புதிதாக உருவான ஓரி-சி-களில் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பிறக்கும் செல்லுக்குள் பாதி முடிந்த நகல் ஏற்கெனவே இருக்கிறது. கயிற்றுப் பாடம் எப்படி நடந்தது என்று எழுது.

அன்புடன்,
மாணிக்கம்