அந்த ராத்திரி ஓடி வந்தவங்களுக்கும், வர முடியாம போன்லயே முழிச்சிருந்தவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். கண்காட்சி திறந்து இன்னைக்கு பத்தாவது நாள். இந்த மடலை முதல் நாளே எழுதியிருக்கணும், உட்கார்ந்து எழுத இப்பதான் நேரம் கிடைச்சுது. திறப்பு விழாவுல நான் வாசிச்ச நன்றிப் பட்டியல்ல பாதிப் பேர் விட்டுப்போச்சு, அது மனசுல உறுத்திட்டே இருக்கு, அதனால இங்க கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: திறப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி பெஞ்ச மழைல நம்ம மையத்தோட மூணாவது அறை கூரை ஒழுகிருச்சு. காகிதத்துல வரைஞ்ச படங்க எல்லாமே அந்த அறைலதான் இருந்துச்சு, மொத்தம் 22, மறுநாள் ஃப்ரேம் போடணும்னு மேசைங்க மேல வரிசையா பரப்பி வச்சிருந்தோம். மழைக்காலத்துக்கு முன்னாடியே கூரைய பாத்திருக்கணும், பாக்கல, அது எங்க தப்பு, அதுல மறைக்க ஒன்னும் இல்ல.

முதல் நன்றி எங்க வாட்ச்மேன் அண்ணாவுக்கு. ராத்திரி ஒன்னேகால் மணிக்கு போன் பண்ணி "மேடம், மூணாவது ரூம்ல தண்ணி சொட்டுது, அந்த ரூம் கரண்ட மட்டும் ஆஃப் பண்ணிட்டேன், மேசைய எல்லாம் ஓரமா இழுத்துட்டேன், படத்துல கை வைக்கல"ன்னு சொன்னாரு. அந்த "கை வைக்கல"ங்கிற வார்த்தைதான் பெருசு. பதட்டத்துல யாரா இருந்தாலும் நனைஞ்ச காகிதத்த மூலைய புடிச்சு தூக்கிருப்போம், அது அப்படியே கிழிஞ்சு கையோட வந்திருக்கும். உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்னு அப்புறமா கேட்டேன். போன மாசம் வாலண்டியர்களுக்கு படங்கள எப்படி கையாளணும்னு ஒரு வகுப்பு நடத்துனோம்ல, சாவி குடுக்க வந்தவரு கதவுகிட்டயே நின்னு முழுசா கேட்டிருக்காரு. அந்த வகுப்புக்கு நாங்க அவர கூப்பிடவே இல்ல. இனிமே எந்த வகுப்பு நடந்தாலும் முதல் நாற்காலி அவருக்குத்தான்.

அடுத்து, குரூப்ல நான் போட்ட ஒத்த வரி மெசேஜ பாத்துட்டு அந்த நேரத்துல எழுந்து வந்த 14 பேரு. டார்ச்சு, பழைய போர்வை, பக்கெட்டு, ஃபேன்னு கைல கெடச்சத எடுத்துட்டு வந்தீங்க. ஒரு தங்கச்சி ஹேர் ட்ரையர் கூட எடுத்துட்டு வந்துச்சு, அத பயன்படுத்தல, ஆனா அந்த நினைப்புக்கே நன்றிம்மா.

ஏன் பயன்படுத்தலன்னா, வீடியோ கால்ல இருந்த அக்கா வேண்டாம்னுட்டாங்க. காகிதப் பாதுகாப்பு வேலைல பல வருஷ அனுபவம் உள்ளவங்க, பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால போடல. விடியற வரைக்கும் லைன்லயே இருந்து ஒவ்வொன்னா சொல்லிக்குடுத்தாங்க. தேய்க்காதீங்க. நனைஞ்ச காகிதத்துக்கு பலமே கிடையாது, அடில பாலியெஸ்டர் ஷீட்ட மெதுவா நுழைச்சு அதோட சேத்து தூக்குங்க. ஈரத்த உறிஞ்சுற ஒத்துத்தாள் மேல படுக்க வைங்க, தாள் ஈரமானதும் மாத்துங்க, மாத்திட்டே இருங்க. ஃபேன சுவத்த பாத்து திருப்புங்க, காத்து அறைக்குள்ள சுத்தணும், படத்து மேல நேரா அடிக்கக்கூடாது. சூட்டுல வேகமா காஞ்சா காகிதம் சுருண்டு நெளிஞ்சுரும், மெதுவா காயவிட்டு 48 மணி நேரத்த தாண்டிட்டா பூஞ்சை புடிச்சுரும், இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நமக்கு நேரம்னாங்க.

நனைஞ்சது 9 படம். அதுல 8 பொழைச்சுது. அந்த எட்டும் இந்தியன் இங்க்ல வரைஞ்சது, அரக்கு கலந்த மை, ஒருதடவ நல்லா காஞ்சுட்டா தண்ணில கரையாது. டார்ச்சு வெளிச்சத்துல பாக்குறோம், காகிதம் முழுக்க ஊறி கண்ணாடி மாதிரி ஆயிருக்கு, அதுக்குள்ள அந்த கறுப்புக் கோடுங்க மட்டும் அசையாம அப்படியே நிக்குது. ஒன்பதாவதுல ஓவியர் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவும் சேத்திருந்தாங்க. அந்த சிவப்பு கசிஞ்சு பாதிப் படத்துல பரவிருச்சு.

நாலு மணி வாக்குல எல்லாரும் துவண்டு உட்கார்ந்தப்ப அக்கா இத்தாலில ஃப்ளாரன்ஸ் ஊர்ல வந்த வெள்ளத்த பத்தி சொன்னாங்க. 1966 நவம்பர் 4, ஆர்னோ ஆறு கரைய உடைச்சு ஊருக்குள்ள வந்து நூலகம், சர்ச்சு எல்லாத்துலயும் சேறு. சாந்தா க்ரோச்சே சர்ச்சுல இருந்த சிமாபூவேங்கிற பழங்கால ஓவியரோட சிலுவை ஓவியத்துல கிட்டத்தட்ட 60 சதவீதம் வண்ணம் உதிர்ந்து போச்சாம். அப்ப பல நாட்டுலேர்ந்து வந்த இளவயசுப் பசங்க சேத்துக்குள்ள இறங்கி, வரிசையா நின்னு கைமாத்தி கைமாத்தி புத்தகங்கள வெளிய எடுத்திருக்காங்க. 'சேற்று தேவதைகள்'னு அவங்களுக்கு பேரு வந்துச்சாம். நனைஞ்ச காகிதத்த என்ன செய்யணும்னு இன்னைக்கு உலகத்துக்கு தெரிஞ்சதுல பெரும்பங்கு அங்க கத்துக்கிட்டதுதானாம். அத கேட்டதும் ஒத்துத்தாள் மாத்த எல்லாரும் மறுபடி எழுந்தீங்க பாருங்க, அந்த காட்சி என் கண்ணுலேயே நிக்குது.

ஓவியர்கிட்ட விடிஞ்சதும் நானே நேர்ல போய் சொன்னேன். கோவப்பட்டிருந்தா அதுல நியாயம் இருந்துச்சு. அவங்க அந்த ஒன்பதாவது படத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, இது இப்ப நான் போட்ட படம் இல்ல, மாட்ட வேண்டாம், எடம் மட்டும் காலியா இருக்கட்டும்னாங்க. கறை பட்டதும் அழகுதான், அப்படியே மாட்டலாமேன்னு ரெண்டு பேரு சொல்லிப் பாத்தாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, எந்த கோடு தன்னோடதுன்னு முடிவு பண்ற உரிமை போட்டவங்களுக்குத்தான். மிச்ச 21 படத்தையும் எங்கள நம்பி மறுபடி குடுத்தீங்களே, அந்த நம்பிக்கைக்கு நன்றின்னு ஒரு வார்த்தை பத்தாது.

எலக்ட்ரீஷியன் தம்பி ஒரே நாள்ல அந்த அறை வயரிங் பூரா மாத்தி, வெளிச்சத்த அளக்குற மீட்டர வச்சு ஒவ்வொரு படத்துக்கும் 50 லக்ஸ் அளவு தாண்டாம லைட்ட செட் பண்ணிக் குடுத்தாப்ல. இருட்டா இருக்கேன்னு கேக்குறவங்களுக்கு: வெளிச்சத்தால காகிதத்துக்கும் மைக்கும் ஆகுற சேதம் கொஞ்சம் கொஞ்சமா சேந்துட்டே போகும், திரும்பி வராது. ரெண்டு நிமிஷம் நில்லுங்க, கண்ணு பழகிரும். படம் மாட்டுன டீம் நடுப்புள்ளி 150 சென்டிமீட்டர் உயரத்துல வர்ற மாதிரி ராத்திரியோட ராத்திரியா அளந்து மாட்டி, காலி எடத்துக்கும் அதே அளவ விட்டிருக்காங்க.

அந்த காலி எடத்துகிட்ட தெனமும் உட்காந்திருக்கிற வாலண்டியர்களுக்கு தனியா சொல்லணும். வர்றவங்க பாதிப் பேரு அதத்தான் கேக்குறாங்க, இதுவும் ஒரு ஆர்ட்டானு கூட கேக்குறாங்க. இல்ல, கூரை ஒழுகிருச்சுன்னு நடந்தத நடந்தபடி சொல்றீங்க. சுத்தி வளைக்காம அப்படி சொல்றதுதான் சரி.

கண்காட்சி முடிஞ்சதும் மூணாவது அறைய மூடி கூரை வேலைய ஆரம்பிக்கிறோம், அது முடியற வரைக்கும் அங்க ஒரு காகிதமும் வைக்க மாட்டோம். சனிக்கிழமை நடக்கிற குழந்தைங்க வரையுற வகுப்பு முன்னாடி ஹாலுக்கு மாறுது, நேரம் பழையபடிதான். நனைஞ்ச காகிதத்த காப்பாத்துறது எப்படின்னு அக்கா நேர்லயே வந்து ஒரு நாள் சொல்லித்தர ஒத்துக்கிட்டாங்க, தேதி முடிவானதும் சொல்றேன்.

அப்புறம், அந்த ராத்திரி வந்த ஃபேன்ல ரெண்டு இன்னும் ஆபீஸ் ரூம்லதான் இருக்கு. ஒன்னு நீலம், இன்னொன்னுல சுவிட்சு பக்கம் டேப் ஒட்டியிருக்கு. யாரோடதுன்னு தெரியல, துடைச்சு வச்சிருக்கோம், வந்து வாங்கிக்கோங்க.