'கைவிரித்துவிட்டனர்' என்று இனி எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நோய் முற்றியவர்களைப் பற்றிய செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'டாக்டர்கள் கைவிரித்துவிட்டனர்.' உங்கள் நாளிதழாவது அந்த வரியைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். படுத்த படுக்கையான பிறகும் காலையில் நாளிதழ் படிக்காமல் இருக்கமாட்டார். கண் தளர்ந்ததும் நான் உரக்கப் படித்துக் காட்டுவேன். ஒருநாள் இந்த வரி வந்தது. சட்டென்று தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன். "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கே அந்த வார்த்தை ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. மருத்துவமனை நடைவழியில் நின்றபடி, "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார்கள். அதன் பிறகு பதினோரு வாரம் இருந்தார். செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. அது தெரியாமலே முதல் மூன்று வாரத்தை வீணடித்தோம்.

அந்த மூன்று வாரமும் அவரால் படுக்க முடியவில்லை. முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு, போர்வை ஓரத்தைப் பல்லால் கடித்தபடி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். கடும் வலியைத் தணிக்கும் 'மார்பின்' (morphine) என்ற மருந்தைக் கொடுக்கலாமே என்று ஒருவர் சொன்னபோது தடுத்தவள் நான்தான். பழக்கமாகிவிடும், மயக்கத்திலேயே கிடப்பார், உயிர் சீக்கிரம் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையில், அதாவது பேலியேட்டிவ் கேரில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. புற்றுநோய் வலிக்கு மார்பினை வாய்வழியாகக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துத் தந்துவிட்டது என்றார். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், மருத்துவர் எழுதிய அளவை நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னார். முதல் சில நாட்கள் தூக்கம் வரும், பிறகு தெளிந்துவிடும்; மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து உண்டு; மருத்துவர் மேற்பார்வையில் சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. ஐந்தாம் நாள் காலை அறைக்குள் போனேன். அண்ணன் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

வலி அடங்கியதும் பேச ஆரம்பித்தார். பார்க்க வந்தவர்களோ, "ஒன்றும் ஆகாது, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு விடைபெற்றார்கள். ஒருநாள் எல்லோரும் போன பிறகு, "நீயாவது என்னோடு பேசேன்" என்றார். 'அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, செவிலியர் சொல்லித் தந்தபடி, "எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். சாவை நினைத்துக் கவலையில்லை, மூச்சு முட்டுமோ என்றுதான் பயம் என்றார். பிறகு, ஒரு ஜாமீன் கையெழுத்தால் பேச்சு முறிந்துபோன பழைய நண்பரின் பெயரைச் சொன்னார். நண்பருக்குச் சொல்லி அனுப்பினோம். வியாழக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அந்த வாரம் முழுவதும், "இன்று என்ன கிழமை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிழைத்துவிடுவேன் என்ற நினைப்பு அவருக்கு இல்லை. ஆனால் வியாழக்கிழமை இருந்தது. நண்பர் வந்தார், என்னை வெளியே போகச் சொன்னார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட வேதனையையும் வலியின் கணக்கிலேயே சேர்த்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு, அதன் பிறகு மருத்துவம் படித்தவர். 1967-இல் லண்டனில், நோய் முற்றியவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். 1948-இல் இறந்த ஒரு நோயாளி, நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றதுதான் அதற்கு முதல் நன்கொடை.

கடைசி வாரத்தில் அண்ணன் உணவை மறுத்தார். நாங்கள் கெஞ்சியும் அதட்டியும் ஊட்டப் பார்த்தோம். உடல் இனி கேட்காது, திணித்தால் புரையேறும் என்று செவிலியர் தடுத்தார். அதற்குப் பதிலாக நனைத்த பஞ்சால் நாக்கையும் ஈறுகளையும் அடிக்கடி துடைத்து, உதட்டுக்குக் களிம்பு தடவக் கற்றுத் தந்தார். மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேராகச் சிறிய விசிறியை வைத்தால் இதமாக இருந்தது. முடிவில் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டது. கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை, நோயாளிகள் பெரும்பாலும் அதை உணர்வதில்லை என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறாமல் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். காது கேட்கக்கூடும் என்பதால் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தேன்.

இந்தச் சிகிச்சை கடைசி வாரத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட மனத்தளர்ச்சி குறைந்து இருந்தார்கள். இடைநிலை அளவில், அதாவது வாழ்ந்த காலப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் கணக்கில், இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தும் இருக்கிறார்கள்.

ஆகவே, 'நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நிறுத்தப்பட்டது. நோய்த்தணிப்புச் சிகிச்சை தொடர்கிறது' என்று எழுதுங்கள். அப்படித் தொடரவில்லை என்றால், ஏன் தொடரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். எங்கோ ஒரு வீட்டில் உங்கள் நாளிதழை உரக்கப் படித்துக்கொண்டிருப்பவர் அந்த இடத்தில் நிறுத்த வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை