பீப்பாயில் இருந்தது ரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கு வந்துபோன ஆங்கிலேயக் கடற்படையினரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை கண்டேன். பதின்ம வயதில் ‘சீஹார்ஸ்’ கப்பலில் சென்னைக்கும் திருகோணமலைக்கும் வந்து, காய்ச்சலில் விழுந்து 1776இல் ஊர் திரும்பி, பின்னாளில் கடற்படைத் தளபதியான ஹொரேஷியோ நெல்சன் பற்றிய பகுதி சரியாகவே இருக்கிறது. பிழை கடைசிப் பத்தியில். ஸ்பெயின் கரையோரம் பிரான்ஸ், ஸ்பெயின் கடற்படைகளோடு நடந்த டிரஃபால்கர் போரில் இறந்த நெல்சனின் உடலை ரம் பீப்பாயில் போட்டு இங்கிலாந்து கொண்டுபோனார்கள், வழியில் மாலுமிகள் பீப்பாயைத் துளைத்து ரம்மை உறிஞ்சிக் குடித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அந்த உடலைக் கெடாமல் காத்தவர் நெல்சன் இருந்த ‘விக்டரி’ கப்பலின் மருத்துவர் வில்லியம் பீட்டி. என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அவரே எழுதி 1807இல் அச்சிட்டும் வைத்திருக்கிறார். அதைப் படித்தவர்கள் ரம் கதையைத் திரும்ப எழுத மாட்டார்கள்.

நெல்சன் இறந்தது 1805 அக்டோபர் 21 மாலை 4.30 மணி அளவில். சாதாரண மாலுமி என்றால் படுக்கையோடு சுற்றித் தைத்துக் கடலில் இறக்கிவிடுவார்கள். இந்த உடல் ஊர் போய்ச் சேர வேண்டியிருந்தது. ஈயச் சவப்பெட்டி செய்யலாம் என்றால் கப்பலில் அவ்வளவு ஈயம் இல்லை. ஆகவே இருந்ததிலேயே பெரிய பீப்பாயைக் கொண்டுவந்தார்கள். தலைமுடியை வெட்டி எடுத்தார்கள். சட்டை தவிர மற்ற உடைகளைக் களைந்து உடலை உள்ளே இறக்கினார்கள். பீப்பாய் நிறைய பிராந்தி ஊற்றினார்கள். மத்தியதரைக் கடலில் நின்ற கப்பல்களில் ரம்மைவிட ஒயினும் பிராந்தியும்தான் அதிகப் புழக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பீப்பாயைப் படுக்கவைக்காமல் நடுத்தளத்தில் செங்குத்தாக நிறுத்தினார்கள். மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, இரண்டுக்கும் அடைப்பு. பக்கத்தில் இரவும் பகலும் ஒரு காவலாள். இந்த இரண்டு துளைகளில்தான் பீட்டியின் கைத்திறன் இருக்கிறது. சாராயத்தில் கிடக்கும் உடல் சாராயத்தை உறிஞ்சும். உடலில் உள்ள நீர் வெளியே கசிந்து சாராயத்தோடு கலக்கும். நாள் ஆக ஆகச் சாராயம் நீர்த்துப்போகும், நீர்த்த சாராயம் அழுகலைத் தடுக்காது. ஆகவே பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பீப்பாயைச் சாய்த்து ஊற்றினால் உள்ளே உடல் மோதிச் சிதையும். கீழ்த்துளையைத் திறந்து வடித்து, மேல்துளை வழியாக ஊற்றினால் பீப்பாய் அசையாது, உடலும் குலுங்காது.

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் வந்தது. அக்டோபர் 24 அன்று பீப்பாயின் மேல்மூடி தானாக எழும்புவதைப் பார்த்துக் காவலாள் மிரண்டுபோனான். அதிகாரிகள் வந்து பீப்பாயில் சிறு துளையிட்டுக் காற்றை வெளியேற்றினார்கள். சாராயம் வெளியிலிருந்து உள்ளே ஊறுவது மெதுவான வேலை. தோலையும் தசையையும் நனைத்துக் குடலை எட்டுவதற்குள் சில நாள் போய்விடும். அதற்குள் குடலில் இருக்கும் கிருமிகள் தம் வேலையைத் தொடங்கிவிடும், வாயு பெருகும். குடலை முன்பே எடுத்திருந்தால் இது நேர்ந்திராது. ஆனால் போர் முடிந்த கையோடு புயல் பிடித்துக்கொண்டது. பாய்மரங்கள் முறிந்த கப்பலில், கீழே நூறு பேர் காயத்தோடு கிடக்கும்போது, அதற்கு ஏது நேரம்?

ஸ்பெயினின் தென்முனையில் உள்ள ஆங்கிலேயத் துறைமுகமான ஜிப்ரால்டர் போவதற்குள் ஒருமுறை பிராந்தியை வடித்துப் புதிதாக நிரப்பினார்கள். 28ஆம் தேதி அங்கே சேர்ந்தபோது பீப்பாயில் அளவு குறைந்திருந்தது. உடல் கணிசமான பிராந்தியை உறிஞ்சியதே காரணம் என்று பீட்டி எழுதுகிறார். மாலுமிகள் குடித்த கதைக்கு விடை இதிலேயே இருக்கிறது: குறைந்தது உண்மை, குடித்தது உடல். ஜிப்ரால்டரில் பிராந்தியைவிடச் செறிவான வடிசாராயம், அக்காலத்தில் ஒயின் ஸ்பிரிட் என்று வழங்கியது, கிடைத்தது. குறைந்ததை அதைக்கொண்டு நிரப்பினார்கள். இங்கிலாந்து போகும் வழியிலும் சாராயம் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் பயணம் ஏறக்குறைய ஐந்து வாரம் இழுத்து, டிசம்பர் 4இல் போர்ட்ஸ்மவுத்தை ஒட்டிய ஸ்பிட்ஹெட்டில் முடிந்தது.

உங்கள் கட்டுரை செய்த அதே பிழையை அன்றைய இங்கிலாந்தும் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கப்பல் கரைக்கு வந்ததும், ரம்தான் பிணத்தை நெடுநாள் காக்கும், அதில் போட்டிருக்க வேண்டும் என்ற பேச்சு பரவலாக இருந்தது. பீட்டி அதற்கு அடிக்குறிப்பாகவே பதில் எழுதினார். எந்தச் சாராயமானாலும் அழுகலைத் தடுப்பது அதன் செறிவு ஒன்றுதான். அந்தக் கணக்கில் ரம்மைவிடப் பிராந்தி மேல், கிடைக்குமானால் எல்லாவற்றிலும் ஒயின் ஸ்பிரிட் மேல் என்பது அவர் வாதம். உடற்கூற்றியல் கூடத்தில் மாதிரிகளைப் பாதுகாப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அவர் இவ்வளவு தெளிவாக மறுத்த பிறகும் கடற்படை ரம்முக்கு ‘நெல்சன் ரத்தம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மருத்துவரின் கவனமான வேலை மறைந்துபோய்க் குடிகாரர் கதை நிலைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கடிதத்துக்குக் காரணம் அதுதான்.

பீட்டி அயர்லாந்தின் டெரி நகரில் 1773இல் பிறந்தவர். 1791இல் மருத்துவரின் உதவியாளராகக் கடற்படையில் சேர்ந்தார். பல கப்பல்கள் மாறி 1804 டிசம்பரில் ‘விக்டரி’க்கு வந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தளபதி வில்நெவைத் துரத்திக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து, ஜூன் 4 அன்று பார்படோஸ், அங்கிருந்து திரும்பி ஜூலையில் ஜிப்ரால்டர் என்று கப்பல் ஓடியபோது எண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் உடல்நலம் அவர் பொறுப்பில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பலில் பீரங்கியைவிட ஸ்கர்வியே அதிகம் பேரைக் கொன்றது. ஈறு வீங்கி, பழைய தழும்புகூடப் பிளந்துகொள்ளும் நோய் அது. 1795 முதல் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் அவுன்ஸ் சாறு, இரண்டு அவுன்ஸ் சர்க்கரையோடு. நெல்சன் படைக்குச் சாறு சிசிலியிலிருந்து வந்தது. பிற்காலத்தில் சிக்கனம் பார்த்து மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் சத்துக் குறைவு. 1875இல் புறப்பட்ட ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி நேர்ஸின் வடதுருவப் பயணத்தில் சாறு இருந்தும் ஸ்கர்வி திரும்பி வந்தது.

1805 ஜனவரி வரை கடற்படை மருத்துவர் பெரும்பாலான மருந்தைத் தம் கைப்பணத்தில் வாங்க வேண்டும். அந்த மாதம் வந்த அரசாணைக்குப் பிறகு மருந்துச் செலவை அரசு ஏற்றது, சம்பளமும் மதிப்பும் கூடின. ரம்பமும் கத்தியும் மட்டும் தொடர்ந்து அவரவர் சொந்தப் பொருள்தான்.

போர் நடக்கும்போது மருத்துவர் இருக்கும் இடம் ‘ஆர்லாப்’ என்னும் அடித்தளம். நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் குண்டு எட்டாது; வெளிச்சமும் எட்டாது. கூரை குனிந்து நடக்கும் உயரம். இளம் அதிகாரிகளின் மரப்பெட்டிகளைச் சேர்த்துப் போட்டுப் பாய்த்துணி விரித்தால் அதுவே அறுவை மேசை. விளக்கு, லாந்தருக்குள் மெழுகுவர்த்தி. பீட்டிக்கு உதவியாளர் இருவர், ஸ்மித்தும் வெஸ்டன்பர்க்கும். டிரஃபால்கர் போரில் ‘விக்டரி’யில் இறந்தவர் 57 பேர், காயம்பட்டவர் 102 பேர். மரக்கப்பலில் குண்டு ஓக் பலகையைத் துளைக்கும்போது முழ நீளச் சிலாம்புகள் ஈட்டிபோலப் பறக்கும். குண்டு நேராகப் பட்டவரைவிடச் சிலாம்பால் கிழிபட்டவரே அதிகம் கீழே வருவார்கள். வந்த வரிசைப்படி பார்ப்பதுதான் வழக்கம்.

கால் சிதைந்து வந்தால் உடனே எடுத்துவிடுவது நல்லது என்பது கடற்படை மருத்துவரின் அனுபவம். ஒரு நாள் தாண்டினால் வீக்கமும் காய்ச்சலும் ஏறிப் பிழைப்பது அரிதாகிவிடும். முதலில் தொடையின் மேற்பகுதியில், தமனி ஓடும் இடத்தில், திருகாணி வைத்த டூர்னிகெட் என்னும் இறுக்குப்பட்டையை முறுக்கி ரத்தத்தை நிறுத்துவார்கள். தோலைச் சுற்றிலும் வெட்டி மேலே இழுத்துப் பிடித்து, அதற்கு மேலாகத் தசையை வெட்டுவார்கள். நடுவில் பிளந்த துணியால் தசையை விலக்கி, இன்னும் மேலே எலும்பை ரம்பத்தால் அறுப்பார்கள். எலும்பு உயரத்தில் அறுபட்டால்தான் தசையும் தோலும் அதன்மேல் கவிந்து மூடும். ஒரே மட்டத்தில் அறுத்தால் எலும்புமுனை துருத்திக்கொண்டு புண் ஆறாது. பிறகு தமனிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் இழுத்து மெழுகு பூசிய நூலால் கட்டி, நூலின் நுனியைப் புண்ணுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். கட்டிய முனை அழுகி உதிரும்போது, இரண்டு வாரம் அளவில், நூல் தானாக வர வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ரத்தம் பீறிடும். மயக்க மருந்து இன்னும் நாற்பது ஆண்டு தள்ளி இருந்தது. அபினிச் சாறும் ஒரு வாய் சாராயமும்தான்.

நூல் எப்படி வதைக்கும் என்று நெல்சனுக்கே தெரியும். 1797இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்த சண்டையில் காயம்பட்டு அவர் வலக்கையை எடுத்தபோது தமனியோடு நரம்பும் சேர்ந்து கட்டுப்பட்டுவிட்டது. நூல் மாதக்கணக்கில் வரவில்லை. டிசம்பரில் அது கழன்ற பிறகே வலி விட்டது. அந்த அறுவையில் அவரை அதிகம் வருத்தியது கத்தியின் குளிர்ச்சி. அதன் பின் போருக்கு முன் அடித்தளத்தில் அடுப்பு வைத்துக் கருவிகளைச் சூடாக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

டிரஃபால்கரில் குண்டடிபட்ட அவரைக் கீழே தூக்கி வந்தபோது முகத்தைக் கைக்குட்டை மூடியிருந்தது. பீட்டி அப்போது இறந்துவிட்ட இருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயம்பட்டுக் கிடந்தவர்கள் குரல் கொடுத்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. காயத்தைப் பார்த்து, குண்டு மார்பில் ஆழமாக இறங்கி முதுகெலும்பில் தங்கியிருக்கலாம் என்று கணித்தார். முதுகில் வெளியே காயம் எதுவும் இல்லை. பிறகு அவர் செய்தது கேள்வி கேட்டதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை மார்புக்குள் ரத்தம் பாய்வது தெரிகிறது, உடலின் கீழ்ப்பாதியில் உணர்வில்லை, மூச்சு சிரமம், முதுகில் குண்டு தாக்கியதாக உணர்ந்த இடத்தில் கடும் வலி என்றார் நெல்சன். சில மாதம் முன் அதே கப்பலில் முதுகெலும்பு அடிபட்டு உணர்வு போய் இறந்த ஒரு மாலுமியையும் அவரே நினைவுபடுத்தினார். பீட்டி குண்டைத் தேடிக் கிளறவில்லை. அன்றைய பல மருத்துவர்கள் கிளறியிருப்பார்கள். வேதனை கூடியிருக்கும், வேறு பலன் இருந்திராது. எலுமிச்சைச் சாறு கலந்த பானம், ஒயின் கலந்த நீர், விசிறி, மார்பைத் தேய்த்துவிட ஆள் என்று ஏற்பாடு செய்துவிட்டு மற்றவர்களையும் கவனிக்கப் போனார். இதைக் கைவிட்டதாகச் சொல்பவர்கள் அந்தத் தளத்தில் எத்தனை பேர் கிடந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 11இல் பீப்பாயைத் திறந்தபோது உடல் நாற்றமின்றி நன்றாகவே இருந்தது. குடல் மட்டும் கெட்டிருந்தது. அழுகல் மற்ற பகுதிக்குப் பரவாமல் இருக்க அதை அகற்றினார்கள். குண்டின் வழியும் முழுதாகத் தெரிந்தது. இடத் தோளின் முனையெலும்பை லேசாக முறித்து, இரண்டாம் மூன்றாம் விலா எலும்புகளை உடைத்து, இட நுரையீரலைத் துளைத்து, நுரையீரல் தமனியின் பெரிய கிளையை அறுத்து, ஆறாவது ஏழாவது மார்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே புகுந்து தண்டுவடத்தைச் சிதைத்து, வலது தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு இரண்டு அங்குலம் கீழே முதுகுத் தசையில் தங்கியிருந்தது. தோள் அணியின் தங்கச் சரிகையும் அதில் ஒட்டியிருந்தது. உயிரைப் பறித்தது அறுபட்ட தமனி என்றார் பீட்டி. ஏழு வாரத்துக்கு முன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்ன கணிப்பு சரியாகவே இருந்தது. பிறகு உடலைப் பருத்தித் துணியால் சுற்றி, கற்பூரமும் வெள்ளைப்போளமும் கரைத்த பிராந்தி நிரப்பிய ஈயப் பெட்டியில் வைத்தார்கள். 1806 ஜனவரி 9இல் லண்டன் புனித பவுல் ஆலயத்தில் அடக்கம் நடந்தது.

பீட்டி பின்னர் 1822 முதல் கிரீனிச் கடற்படை மருத்துவமனையில் பணியாற்றி, 1831இல் சர் பட்டம் பெற்று, 1842இல் இறந்தார். ‘விக்டரி’யின் கேப்டன் ஹார்டி பதக்கப்பெட்டியில் பதித்துக் கொடுத்த அந்தக் குண்டைக் கடைசிவரை தம்மிடமே வைத்திருந்தார். இன்று அது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது, சரிகை இழை ஒட்டியபடியே.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ‘ரம்’ என்பதைப் ‘பிராந்தி’ என்று திருத்தி, மாலுமிகள் குடித்ததாகச் சொல்லும் வரியை நீக்கி, வில்லியம் பீட்டியின் பெயரை அந்த இடத்தில் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி