மாத்திரைக்கு அசையாத சோர்வு

அன்புள்ள சிவா,

இரண்டு மருந்து மாற்றியும் மனச்சோர்விலிருந்து தேறாதவர்களை மைண்ட்ஃபுல்னஸ் (இப்போது நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி) குழுவில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்க்கலாம். அதற்கு முன் மருந்தின் அளவும் நாளும் போதுமானதாக இருந்தனவா, தைராய்டு எப்படி, குடி உண்டா என்று பார்த்துவிடு. பலருக்கு முடிச்சு அங்கேயே இருக்கும். சாகத் திட்டம் வைத்திருப்பவரைக் குழுவில் உட்காரவைக்காதே. முதலில் மனநல மருத்துவர்.

சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் இந்தக் குழுக்களில் நடத்தும் 8 வார முறையை வகுத்தது, மீண்டவர்களுக்குச் சோர்வு திரும்பாமலிருக்க. உன் ஆட்களோ இன்னும் அதற்குள்ளேயே கிடக்கிறார்கள். எடுத்த எடுப்பில் 40 நிமிடம் படுத்து, கண்ணை மூடி பாடி ஸ்கேன் (உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனிப்பது) செய்யச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். இல்லையென்றால் பழைய கணக்கையெல்லாம் கிளறிக்கொண்டு கிடப்பார்கள். 10 நிமிடத்தில் தொடங்கு. உட்கார்ந்தே செய்யட்டும், கண் திறந்திருக்கட்டும். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கட்டும், அல்லது மெல்ல நடக்கட்டும்.

3 நிமிட மூச்சுப் பயிற்சியில்தான் பெரிய சறுக்கல். முதல் நிமிடம் இப்போது என்ன ஓடுகிறது என்று பார்ப்பது, அடுத்தது மூச்சு, மூன்றாவது முழு உடம்பு. இதைத் தலைவலி மாத்திரை மாதிரி சோகத்தை விரட்டப் போடுகிறார்கள். சோகம் போகாது. ‘இதுகூட எனக்கு வரவில்லை’ என்று விட்டுவிடுவார்கள். அந்த வாக்கியத்தை அடுத்த வகுப்பில் பலகையில் எழுதிப் போடு. அதுவும் வந்துபோகும் ஓர் எண்ணம்தான் என்று அவர்களே பார்க்கட்டும். பாடமே அதுதானே.

பலன்? சான்பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஐசன்ட்ராத்தின் குழு, மருந்தில் தேறாத 173 பேரிடம் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டது. எல்லோரும் மருந்தும் எடுத்தார்கள். சோர்வு மதிப்பெண் மைண்ட்ஃபுல்னஸ் பிரிவில் 36.6 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த உடற்பயிற்சி, உணவு, இசை வகுப்பில் 25.3. ஆனால் முழுதாகத் தேறியவர் விகிதத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்த வழி என்று யாரிடமும் சொல்லிவிடாதே. பிரிட்டனில் பேச்சுச் சிகிச்சையிலும் தேறாத 234 பேரிடம் ஆய்வு செய்து, மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பை வீடியோ வழியாக நடத்தி, 2025-இல் நல்ல முடிவு சொன்னார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது தோது.

இன்னொன்று, நோட்டீஸில் ‘மன அழுத்தம்’ என்று அச்சடிக்காதே. ஆபீஸ் டென்ஷன்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். ‘மனச்சோர்வு’ என்றே போடு. 12 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், உனக்கு 8 போதும். இரண்டாம் வாரம் வராதவருக்கு அன்று மாலையே போன் செய்துவிடு. அடுத்த வாரத்துக்குள் கூப்பிடாவிட்டால் திரும்ப மாட்டார்கள்.

அன்புடன்,
ராகவன்