அந்த நாலாவது வரி

குடியாத்தம்
வைகாசி 6, புதன்கிழமை

அன்புள்ள சீனுவுக்கு நைனா எழுதுவது.

இங்கு நலம். உன் நலமறிய ஆவல். முதல் வரியை வழக்கத்துக்காகப் போட்டேன். இரண்டாவதை அப்படிப் போடவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பத்தொன்பது நாளாக நான் எதை அனுப்பினாலும் அந்த நீலக் குறிதான் வருகிறது. எங்கள் தபால் ஆபீசில் பதிவுத் தபாலுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு என்று ஒன்று இருந்தது. வாங்கியவர் கையெழுத்து இருக்கும், தேதி இருக்கும், வேறு ஒரு வார்த்தை இருக்காது. அதைப் பார்த்து ஆள் எப்படி இருக்கிறான் என்று சொல்ல முடியாது. அந்தப் பதிவுத் தபாலையே போன வருஷம் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். சரி, அது வேறு கதை.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக நடந்தது. தரணம்பேட்டையிலிருந்து கோபாலபுரம் வரை எள் போட்டால் எள் விழாத கூட்டம். இந்த முட்டியோடு என்னால் போக முடியவில்லை, மாடியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். அக்கா பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள். போகும்போது இரண்டு கிலோ முள்ளுக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினேன். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் நல்லாத்தான் இருக்கான், நீ கொஞ்சம் சும்மா இரு நைனா" என்றாள். அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கத்திரி இன்னும் முடியவில்லை. ஐதராபாத்திலும் இதே வெயில் என்று செய்தியில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி. ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்தால் தாகமே தெரியாது, மணி பார்த்துக் குடி. உப்பைத் திடீரென்று குறைக்காதே. பல் வலி, கால் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதே. வேர்த்துக் கொட்டினாலும் சரி, அந்த வலி மாத்திரையைப் போட்டாலும் சரி, மனசுக்காக நீ சாப்பிடுகிற லித்தியம் ரத்தத்தில் ஏறும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியாததில்லை. மாத்திரை போட்டாயா என்கிற அந்தக் கேள்வி இல்லை இது, தண்ணீரைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

மே 1-ம் தேதி ராத்திரி ஒன்றே முக்காலுக்கு நீ போன் செய்தபோது நான் தூக்கத்தில் எழுந்தேன். நீ வேகமாகப் பேசினாய். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் முன்னால் பேசியதைச் சொன்னாய், அவர்கள் கைதட்டியதைச் சொன்னாய், உன் சிகிச்சையைப் பற்றிய அந்தப் பத்திரத்தை எழுதி முடித்து எனக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாய். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ போனை வைத்துவிட்டாய்.

போன பொங்கலுக்கே நீ சொல்லியிருந்தாய்: "சிரிச்சாலும் அதே கேள்வி, அழுதாலும் அதே கேள்வி, சாம்பார்ல உப்பு இல்லேன்னாலும் அதே கேள்வி." அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் சீனு, ராத்திரியில் அந்த வேகத்தில் பேசுகிற குரலை 2011-ல் ஒரு தடவை கேட்டவன் நான். காலேஜ் ஃபீஸ் பணத்தை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போய் ஐம்பது பொட்டலம் பிரியாணி வாங்கி வந்து, பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயே. மூன்று நாள் தூங்கவில்லை. எங்களுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்பட்ட அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.

நீ அனுப்பிய ஆடியோவை மூன்று தடவை கேட்டேன். பதினோரு நிமிஷம். "டாக்டர் என் முகத்தைப் பார்த்ததைவிட எங்கப்பா முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். தூங்குறானா, சாப்பிடுறானா, சொன்ன பேச்சு கேக்குறானா, எல்லாம் அவர்கிட்டதான். நான் நடுவுல நின்னுட்டிருந்தேன்" என்கிறாய். உண்மைதான். அந்த முதல் டாக்டரின் அறையில் உனக்கு நாற்காலிகூட இல்லை, எனக்கு இருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கை நடுங்குகிறது என்று நீ சொன்னபோது "பழகிடும்" என்றார்களாம், "பழகினது அவங்களுக்கு" என்கிறாய். அந்த இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஊசி போடும் முன் "எந்தக் கையில போடட்டும்?" என்று கேட்ட ஒரு நர்ஸைப் பற்றியும் சொல்கிறாய். பதினைந்து வருஷத்தில் உன்னைக் கேட்டுச் செய்த முதல் ஆள் அவர்தான் என்று. நானும் கேட்டதில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கியே ஆகவேண்டும். 1950-களிலிருந்தே அங்கே அப்படித்தான் என்பார்கள். வீட்டுக்காரனுக்கும் பாடம் நடக்கும் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. நோய்க்குப் பெயர் சொன்னார்கள், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கவேண்டும், தைராய்டையும் கிட்னியையும் ஏன் பார்க்கவேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அது பெரிய பலம். உனக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆடியோவில் நீ, "வீட்டுக்காரங்க கூட இருக்கறது நல்லதுதான், ஆனா வீட்டுக்காரங்க முன்னாடி சொல்ல முடியாததுன்னு ஒண்ணு இருக்காதா?" என்று கேட்கிறாய். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் என் காதில் ஏறவில்லை. அதனால்தான் மூன்று தடவை கேட்கவேண்டி வந்தது.

மாவு மில்லில், பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கே டிரெயினிங் கொடுக்கிறான்" என்றேன். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. பெருமையை ஊருக்குச் சொல்கிறேன், விஷயத்தை மறைத்துவிடுகிறேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

அப்புறம் அந்தப் பத்திரம். அக்காவின் பெரியவன் சட்டத்தை போனில் எடுத்துக் கொடுத்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அடுத்த வருஷம் மே மாதம் அமலுக்கு வந்திருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே, சரியில்லாமல் போனால் எப்படிப் பார்க்கவேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம், தன் சார்பில் பேச ஓர் ஆளையும் குறிப்பிடலாம் என்று போட்டிருக்கிறது. அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது என்றும் இருக்கிறது, அதைக் கவனித்தாயா? கவனித்திருப்பாய்.

உன் சார்பில் பேசும் ஆள் என்ற இடத்தில் ரூம் சிநேகிதன் பெயரைப் போட்டிருக்கிறாய். உன்னைப் போலவே மாத்திரை சாப்பிடுகிறவன், நல்ல பையன். இருந்தாலும் அந்த இடத்தில் என் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. எத்தனை ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை பேர் காலைப் பிடித்திருக்கிறேன். பென்ஷனைக் கம்யூட் செய்து முன்கூட்டியே மொத்தமாகப் பணம் வாங்கியது யாருக்காக? இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாதுதான்.

அப்படி ஒரு ராத்திரி தூக்கம் வராமல் 14416-க்கு, அதுதான் அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு, நானே போன் போட்டேன். தமிழில் ஒரு பெண் பேசினாள். மகனைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க தூங்கறீங்களா?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மறுநாள்தான் பஞ்சாங்கத்தைத் தூக்கினேன்.

இரண்டாவது வரியில், உன்னைக் கட்டிப்போடக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். சங்கிலி போடுவதை அந்தச் சட்டமே தடுக்கிறது. அது வருவதற்கு முன்னாலேயே நம் வீட்டில் தடுத்தவள் உன் அம்மா. பேரணாம்பட்டு அத்தையும் மற்றவர்களும் உன்னை ஓரிடத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். நான் பஸ்ஸுக்குப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன். அம்மா வாசலில் நின்று, "ஏர்வாடியில என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். 2001 ஆகஸ்ட் 6, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் விடிகாலைத் தீ. சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அந்தப் பேப்பரில் வந்த படத்தை அவள் பத்து வருஷமாக மறக்கவில்லை.

அதே அம்மாவைப் பற்றித்தான் நீ நாலாவது வரியில் எழுதியிருக்கிறாய். "எனக்குத் தெரியாமல் சாப்பாட்டிலும் குடிக்கும் எதிலும் மருந்து கலக்கக் கூடாது. முன்பு என் அம்மா அப்படிச் செய்தார்."

அம்மா செய்யவில்லை, சீனு.

2012 ஆடி மாதம் நீ எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டாய். உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் அந்த முதல் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மோரில் விட்டுக் கொடுங்கள் என்றார். இப்படிச் செய்யலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மா பின்கட்டில் பாத்திரம் துலக்குகிற நேரம் பார்த்து உன் டம்ளரில் விடுவேன். இருபத்திரண்டு நாள். நீ தூங்க ஆரம்பித்தாய், நான் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

ஒருநாள் உன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, ஞாபகம் இருக்கிறதா? நீயும் பயந்தாய், அம்மாவும் அலறினாள். எனக்கு மட்டும் எதனால் என்று தெரியும். சுளுக்கு என்றேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆகுது நைனா எனக்கு?" என்று கேட்டாய். அப்போதும் சொல்லவில்லை.

பாட்டிலைப் புளி ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். சமையல்கட்டில் இருந்ததால் அம்மாவுடையது என்று நீ நினைத்துக்கொண்டாய். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றாய். அவள் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று ராத்திரி, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "உங்களையும் நம்பலேன்னா அவன் யாரோட ஆஸ்பத்திரிக்குப் போவான்?" என்றாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

எட்டு மாசம் நீ அவள் கையால் சாப்பிடவில்லை. வாழைப்பழம், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், அவித்த முட்டை. முட்டையை அவள் ஓடு உடைக்காமல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பாகாயம் போய் வந்த பிறகு நீ சாப்பிட்டாய், ஆனால் நீயே போட்டுக்கொள்வாய். 2019 தையில் போகிறவரைக்கும் உன் தட்டில் ஒரு கரண்டி சோறு போட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தப் பழக்கம் உன்னை இன்னும் விடவில்லை. இந்தப் பொங்கலுக்குக்கூட நான் மோரைக் குடிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் நீ டம்ளரை எடுத்தாய். அக்கா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அவள் இருந்தபோதே சொல்லியிருக்கவேண்டும். உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். தேறியபிறகு, தேறியதைக் கெடுக்க வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். காரியத்தன்று நீ ஓரமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்தேன், வாய் வரைக்கும் வந்தது. காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது அது பத்திரத்தில் ஏறிவிட்டது. இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு மனநல மறுஆய்வு போர்டில் பதிவு செய்கிற காகிதம். அதில் அவள் மேல் பொய் இருக்கக் கூடாது. "அம்மா" என்பதை எடுத்துவிட்டு "அப்பா" என்று போடு. அடித்துத் திருத்தாதே, அடித்தல் இருந்தால் பின்னால் கேள்வி வரும். அந்தப் பக்கத்தைப் புதிதாகவே எழுதிவிடு. என் பெயரை இனிஷியலோடு போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் சார்பில் பேச அந்தப் பையன் பெயரே இருக்கட்டும். நான் கேட்கமாட்டேன்.

ஆடியோவில் சொல்வதற்கு இதுவும் உனக்கு உதவினால் சொல்லிக்கொள். யார் செய்தது என்று சரியாகச் சொல்.

இதை நாளைக்குக் காலையில் நானே போய் ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொள், அக்காவிடம் மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதே, நான் சொல்கிறேன். பதில் எழுதவேண்டாம். ஒரு மிஸ்டு கால் போதும், ராத்திரி ஒன்றே முக்காலானாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன். கேட்டுவிட்டால் போனை வைத்துவிடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

உன் நைனா

பி.கு.: தண்ணீர் குடி. ரத்தப் பரிசோதனை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என்றால், போன தடவை எடுத்தது கார்த்திகையில். நான் கணக்குத்தான் சொல்கிறேன்.