ஒரு குவளைத் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

படத்தில் வெள்ளம் வந்தால் ‘எல்லாம் கம்ப்யூட்டர் செய்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன உங்கள் விமர்சனங்கள். அந்த வேலையை வீட்டில் செய்துபார்ப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். நீர் ஓடும் இடத்தைச் சிறு கட்டங்களாக வெட்டித்தான் அது கணக்குப் போடும்; நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றையும் 64 ஆகப் பிரித்தேன். தண்ணீர் குவளையின் அடிவழியே ஒழுகியது! சுவர் ஒரு கட்டத்தைவிட மெலிந்திருந்ததால் கணக்கில் அது சரியாகப் பதியவில்லை. தடிமனாக்கினேன், ஒழுகல் நின்றது. ஆனால் விழுந்தது தண்ணீரல்ல, தேன் மாதிரி ஒரு குழம்பு. 128 ஆக்கினேன். மொத்தக் கட்டங்கள் 8 மடங்காகி 20,97,152 ஆயின. இரவு முழுக்க ஓடியது கணினி. விடிந்ததும் பார்த்தேன்: தரையில் மோதிய நீர் விளிம்பில் கிழிந்து துளித்துளியாகத் தெறித்தது. அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ!

புகை இன்னொரு பாடம். 1999இல் கணினி வரைகலை ஆய்வாளர் யோஸ் ஸ்டாம் வெளியிட்ட முறையில், எண்கள் கட்டுமீறிப் பெருகிக் கணக்கு வெடித்துச் சிதறாது; ஆனால் சின்னச் சுழல்கள் சீக்கிரம் கரைந்துவிடும். அவற்றைத் தக்கவைப்பது செய்பவரின் கைப்பக்குவம்.

அடுத்த விமர்சனத்திலாவது, ஒளிப்பதிவாளர் பெயருக்குப் பக்கத்தில் காட்சி விளைவுகள் மேற்பார்வையாளரின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்